அருங்காட்சியக வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர வழி உண்டா?

வைகைக்கரை (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். ஊர் திருப்புவனம் பக்கம். கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா அங்கே குழி வேலைக்குப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு ஓட்டுல எழுத்து மாதிரி கீறியிருந்துச்சு" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வரலாறு எடுத்தேன்.

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு நாலு தடவை போய்விட்டேன். ஒரு தடவை அம்மாவையும் கூட்டிப்போனேன். கண்ணாடிக்குள் இருந்த ஒரு பானையைப் பார்த்து, "இது மாதிரி ஒண்ணு, மொதல்ல வாய் மட்டும்தான் தெரிஞ்சது, எடுக்க ரெண்டு நாள் ஆச்சு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் பானையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள்.

கேள்வி இதுதான். சித்தப்பா பையன் பி.காம். முடித்துவிட்டு பஸ் டிப்போவில் ஒரு வருட அப்ரண்டிஸாக இருக்கிறான். மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். அதுபோல அருங்காட்சியகத்திலோ தொல்லியலிலோ சேர முடியுமா? எம்.ஏ. படிக்க ஆசைதான். ஆனால் வீட்டில் இப்போதே ஒரு வருமானம் தேவை. அப்பா பி.எட். போகச் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10.15)

தங்கச்சி, சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு கதை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம்தான் அடிப்படை. முதலில் அது பட்டறை, ஆலை, ஃபிட்டர், டர்னர் என்று போனது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்தார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு கலை, அறிவியல், வணிகம் படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. உங்கள் சித்தப்பா பையன் பஸ் டிப்போவுக்குப் போனது அந்தக் கதவு வழியாகத்தான். 2019 விதியில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இதைக் கவனிக்கும் தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

அதே விதியில் இன்னொன்றும் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். இப்போது ஒரு மாவட்ட அருங்காட்சியகத்துக்குள் போய்த் தலைகளை எண்ணிப் பாருங்கள். காப்பாட்சியர் ஒருவர், டிக்கெட் கிழிக்க ஒருவர், கூட்டிப் பெருக்க, காவலுக்கு என்று இன்னும் ஓரிருவர். சட்டத்தின் வலையில் மாட்டாத சின்ன மீன்கள் அவை.

சந்தேகப்பேர்வழி (திங்கள், இரவு 11.02)

கணக்குப்பிள்ளை அண்ணன் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. முடித்த பிறகு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் பட்டது. ஒரு தனியார் காட்சியகத்தில் "மியூசியம் பயிற்சியாளர்" என்று சேர்த்துக்கொண்டார்கள். ஊர், பெயர் வேண்டாம். பதினோரு மாதம். அதில் ஒன்பது மாதம் டிக்கெட் கவுன்டர், மீதி இரண்டு மாதம் கலைப்பொருள் பட்டியலை எக்செல்லில் தட்டச்சு செய்தது. பொருளைத் தொட்டது ஒரே நாள், அதுவும் பீரோவை இடம் மாற்றியபோது. கடைசியில் கொடுத்த சான்றிதழில் என் பெயரையே பிழையாக அடித்திருந்தார்கள். நிர்வாகப் பயிற்சி என்று போட்டிருந்தது. இப்போது நான் கூரியர் கம்பெனியில் இருக்கிறேன். அங்கேயும் எக்செல்தான், ஆனால் சம்பளத்தோடு.

பச்சைத்தூள் (செவ்வாய், காலை 6.20)

காலைக் காபியோடு எழுதுகிறேன், நீளமாகப் போகலாம். நான் உலோகப் பொருள் பாதுகாப்பு வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன்.

சந்தேகப்பேர்வழி சொன்னது நடக்கும். ஆனால் இந்தத் தொழிலில் பழகாமல் கற்றுக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்த பழமை அதற்குத்தான். ஆனால் அங்கே வேதியியல் பாதுகாப்புக்கு என்று ஒரு பிரிவு உருவானது 1930இல்தான். கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலம். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் வந்தார். சோழர் செப்புத் திருமேனிகளில் பச்சையாகப் பூத்து அரித்துக்கொண்டிருந்ததை மின்பகுப்பு முறையில் தடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டவை என்று ஆராய்ந்தவரும் அவரே. இதற்கென்று ஒரு படிப்பு நம் பக்கம் இல்லாத காலத்தில் ஒருவர் செய்துகாட்ட, அடுத்தவர் பக்கத்தில் நின்று கற்றார்.

நான் சேர்ந்த கதையைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, தற்காலிகமாக ஆறு மாதம் என்று போனேன். முதல் இரண்டு மாதம் என் பெரியவர் எனக்குக் கொடுத்த வேலை பஞ்சு உருட்டுவது. மூங்கில் குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சை எச்சில் இல்லாமல், தண்ணீரில் விரலை நனைத்து, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நுனி கூராகவும் இருக்க வேண்டும், குச்சி வெளியே தெரியவும் கூடாது. காலையில் ஐம்பது உருட்டி வைப்பேன். அவர் வந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தன் நகத்தில் தேய்த்துப் பார்ப்பார். குச்சி உறுத்தினால் குப்பையில். "எம்.எஸ்சி. படிச்சது பஞ்சு உருட்டவா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு சின்ன அம்மன் சிலையை என் முன்னால் வைத்து, கழுத்தடியில் துடைக்கச் சொன்னார். நான் துடைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. என் குச்சியின் வேலை. சாகும்வரை மறக்காது.

என் பெயர்க் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். செம்பு கலந்த சிலையில் இரண்டு விதப் பச்சை உண்டு. ஒன்று கெட்டியான, வழவழப்பான பச்சை. அது சிலைக்குப் போர்வை மாதிரி, தொடக் கூடாது. இன்னொன்று வெளிறிய பச்சைத் தூள், விரலால் தொட்டால் ஒட்டும். உள்ளே குளோரைடு இருந்து, காற்றில் ஈரம் சேர்ந்தால் அது திரும்பத் திரும்பப் பூத்துச் சிலையைக் குழி குழியாகத் தின்னும். வெண்கல நோய் என்போம். சென்னைக் கடல்காற்றில் கேட்கவா வேண்டும். இரண்டு பச்சைக்கும் வித்தியாசம் புத்தகத்தில் வண்ணப்படமாக இருக்கிறது. படத்தைப் பார்த்து அடையாளம் சொன்ன பட்டதாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நாலு சிலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வைகைக்கரை (செவ்வாய், காலை 8.05)

சார், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். பஞ்சு உருட்டத் தயார். ஆனால் நான் வேதியியல் இல்லையே, வரலாறு. எனக்கு எந்தப் பக்கம்?

மைப்படி (செவ்வாய், மதியம் 1.30)

என் பக்கம் வா, தங்கையே.

கல்வெட்டுப் படியெடுப்பதைச் சொல்கிறேன். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, வௌவால் எச்சம், எல்லாம் இருக்கும். பிறகு தாளை நனைத்துக் கல்லின் மேல் ஒட்ட வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல். அப்புறம் கெட்டி முடித் தூரிகையால் தட்டத் தட்ட, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஓங்கித் தட்டினால் கிழியும், மெல்லத் தட்டினால் எழுத்து பிடிக்காது. ஈரம் பாதி காய்ந்த பதத்தில், துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். கருப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக ராஜராஜன் வந்து நிற்பான். அந்த "பாதி காய்ந்த பதம்" எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம், ஐப்பசியில் அரை மணி. புறங்கையைத் தாளில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கடைநிலை ஊழியர். எட்டாம் வகுப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் எழுத்து சிதைந்திருக்கிறது என்று விரலால் தடவிச் சொல்லிவிடுவார்.

1886இல் ஹூல்ட்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார் என்பது நமக்குத் தெரியும். அவருக்காகக் கோயில் கோயிலாகப் போய்த் தாளைத் தட்டியவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மாநிலத் தொல்லியல் துறையே இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது, உதவித்தொகையோடு. வகுப்பும் உண்டு, களமும் உண்டு. உண்மையில் அதுதான் நம் ஊர் அப்ரண்டிஸ். ஆனால் அதில் சேர முதுகலை வேண்டும். தேர்வாணையம் வழியாகக் காப்பாட்சியர் பணிக்குப் போவதற்கும் முதுகலை கேட்கிறார்கள். அதனால் எம்.ஏ.வை விட்டுவிடாதே. அஞ்சல் வழியிலாவது படி.

சந்தேகப்பேர்வழி (செவ்வாய், இரவு 7.45)

> எட்டாம் வகுப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாது

இதைத்தான் நான் கேட்கிறேன். அவருக்கு ஏதாவது சான்றிதழ் கொடுத்தார்களா?

வைகைக்கரை, உங்கள் அம்மா எத்தனை பருவம் குழியில் இருந்தார்? மண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்து "மேடம், இங்கே வேற மண்ணு" என்று சொல்லியிருப்பாரா இல்லையா? அப்ரண்டிஸ் என்றால் அவர்தான். கற்றுக்கொண்டார், செய்தார், நாள்கூலி வாங்கினார், அட்டையில் கையெழுத்து போட்டார். பருவம் முடிந்ததும் நூறு நாள் வேலை. அவர் கற்றதற்கு ஒரு துண்டுச்சீட்டு இல்லை. இதில் உங்களை மட்டும் எப்படிப் பதிவு செய்வார்கள்?

வைகைக்கரை (செவ்வாய், இரவு 9.10)

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மூன்று பருவமாம். "மண்ணு மாறுனா கொத்து சத்தமே மாறும், பாக்க வேண்டாம்" என்கிறார். எனக்கே இது இன்றைக்குத்தான் தெரியும்.

பச்சைத்தூள் (செவ்வாய், இரவு 9.30)

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

தேம்ஸ் ஓரம் (புதன், அதிகாலை 3.15)

லண்டனில் இருந்து. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவன். என் மகள் இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் தொழில்நுட்பப் பழகுநராகச் சேர்ந்து முடித்தவள், அதனால் எழுதுகிறேன்.

இங்கே முன்பெல்லாம் மியூசியம் வேலைக்கு ஒரே வழிதான். பட்டம், அதற்கு மேல் மியூசியம் படிப்பு, அதற்கும் மேல் சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் தொண்டு. அப்பா அம்மா வீட்டு வாடகை கட்டக்கூடிய பிள்ளைகள்தான் தாக்குப்பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர், அக்கவுண்டன்ட், மிஞ்சினால் பெட்ரோல் செட்.

2017 ஏப்ரலில் ஒரு வரி கொண்டுவந்தார்கள். ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனம் அதில் அரை சதவீதத்தைப் பழகுநர் பயிற்சிக்கென்று கட்ட வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களும் மாட்டிக்கொண்டன. கட்டிய பணத்தைப் பயிற்சிக்கு எடுக்காவிட்டால் போய்விடும். அதனால் எடுக்க ஆரம்பித்தார்கள். காட்சியகத் தொழில்நுட்பருக்கு மூன்றாம் நிலை, பாதுகாப்புத் தொழில்நுட்பருக்கு நான்காம் நிலை என்று தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொருளைத் தூக்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தை எப்படி அளப்பது, பெட்டிக்குள் எப்படிப் பொதிவது, எல்லாம் அதில் உண்டு. மகள் இருந்தபோது வாரத்தில் சுமார் ஆறு மணி நேரம் வேலையை விட்டுப் படிப்புக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. கடைசியில் வெளியாள் வந்து சோதித்தார்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். பழகுநரின் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு. அதில் லண்டனில் வாழ முடியாது. மகள் எங்கள் வீட்டில் இருந்ததால் சமாளித்தாள். ஆக, பழைய கதை முழுக்க மாறவில்லை. பள்ளி முடித்தவர்களுக்கான இடத்துக்கு முதுகலை முடித்தவர்களும் வந்து வரிசையில் நிற்கிறார்கள் என்று அவளே சொன்னாள்.

ஆனால் ஒன்று. சந்தேகப்பேர்வழி கேட்ட துண்டுச்சீட்டு அவளிடம் இருக்கிறது. என்ன தெரியும் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது.

மெழுகுக்காரன் (புதன், காலை 11.50)

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். நாங்கள் பழகுநர் என்று சொல்வதில்லை, "பட்டறைக்கு விட்டிருக்கு" என்போம். பத்து வயதில் விட்டது போய் இப்போது பள்ளி முடித்துத்தான் வருகிறார்கள், நல்லதுதான். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவதில் ஆரம்பம். பையன் ஆறு மாதம் மெழுகு பிசைவான். பிறகு விரல் செய்வான். கை விரல், கால் விரல். உருவம் தொட மூன்று வருடம் ஆகும். அளவுக்குத் தென்னங்கீற்றை நறுக்கி மடித்து வைத்துக்கொள்வோம், இஞ்ச் டேப் இல்லை. மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் பஞ்சலோகம். அச்சை உடைத்துத்தான் சாமியை எடுக்க வேண்டும், ஒரு அச்சுக்கு ஒரு சாமி.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை மியூசியம் படிப்பு படிக்கும் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஒரு பெண் சிலையின் முதுகில் இருந்த பள்ளத்தைக் காட்டி அரிப்பா என்று கேட்டாள். நேற்று வார்த்த சிலை அது! உலோகம் ஊற்றும்போது காற்று அடைத்துக்கொண்ட பள்ளம். எங்களிடம் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் அந்தச் சந்தேகமே வராது. மாமல்லபுரத்தில் 1957இலிருந்து சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களையும் பட்டறைக்காரர்களையும் மியூசியத்துக்குள் எத்தனை பேர் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்? செய்யத் தெரிந்தவன் வெளியே, பார்க்கத் தெரிந்தவன் உள்ளே.

பச்சைத்தூள் (புதன், மதியம் 12.40)

மெழுகுக்காரரே, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. செய்யத் தெரிந்தவருக்குக் கை சும்மா இருக்காது. உடைந்த விரலைப் பார்த்தால் புது விரல் வைக்கத் தோன்றும். கோயிலில் அது சரி, ஊனமான மூர்த்தியை வழிபட மாட்டார்கள். அருங்காட்சியகத்தில் விரல் போனது போனதுதான், அதுவும் சிலையின் வரலாறு.

மெழுகுக்காரன் (புதன், மதியம் 12.55)

அதுவும் சரிதான். எனக்கு வைக்கத்தான் தோன்றும், பொய் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை (புதன், இரவு 8.00)

பேச்சு நன்றாகப் போகிறது, தங்கச்சி கேட்டதற்குக் காரியமாகச் சொல்கிறேன். கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், பயிற்சிக்கு அனுமதி கேட்டு. அதோடு பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கு நேரில் போங்கள். மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பட்டம் கையில் வந்ததும் மத்திய அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிந்து வையுங்கள். அவர்கள் முறைப்படி ஒப்பந்தம் போடச் சம்மதித்தால் உதவித்தொகை கிடைக்கும். போடாவிட்டால் அது வெறும் இன்டர்ன்ஷிப், பணம் கிடையாது, தெரிந்தே போங்கள்.

எதுவானாலும் ஒரு நீள நோட்டு வாங்கி, தினமும் என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதி, வாரம் ஒரு முறை அங்கே கற்றுத்தருபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சந்தேகப்பேர்வழி அப்படி ஒரு நோட்டு போட்டிருந்தால் ஒன்பது மாத டிக்கெட் கவுன்டர் இரண்டாவது மாதமே வெளியே தெரிந்திருக்கும்.

சந்தேகப்பேர்வழி (புதன், இரவு 8.20)

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவரே என்னைக் கவுன்டரில் உட்கார வைத்தவர்.

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30)

சேர்ந்துவிட்டேன்! பழகுநர் ஒப்பந்தம் இல்லை, கல்லூரிக் கடிதத்தோடு வாரம் இரண்டு நாள். உதவித்தொகை இல்லை, பஸ் காசு என்னுடையது. தேர்வு முடிந்ததும் ஒப்பந்தத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று அங்கே இருப்பவர் சொன்னார். பார்க்கலாம். சனி, ஞாயிறு டியூஷன் எடுக்கிறேன். எம்.ஏ. அஞ்சல் வழிக்கு அப்பா பாதி மனதோடு தலையாட்டிவிட்டார்.

வேலை என்ன தெரியுமா? பானை ஓடு கழுவுவது. மென்மையான தூரிகை, தண்ணீர், நிழலில் உலர்த்தல். முதல் நாள் நான் தேய்த்த வேகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பழக்கம். இப்போது ஓட்டில் எண் எழுதக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ச் சுருக்கம், குழி எண், மண்ணடுக்கு, எல்லாம் ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தில். கருப்பு சிவப்பு ஓட்டில் எனக்கு மை பரவிவிடுகிறது. முந்தாநாள் ஆறு ஓட்டில் பாழ். நோட்டில் அதையும் எழுதினேன், கையெழுத்தும் வாங்கினேன். பச்சைத்தூள் சார், என்ன செய்ய?

பச்சைத்தூள் (ஞாயிறு, மாலை 6.10)

ஓடு தண்ணீர் குடிக்கிற பொருள், மையையும் குடிக்கும். அதனால் முதலில் எழுதும் இடத்தில் மட்டும் பாராலாய்டு பி-72 என்ற பிசின் கரைசலை மெல்லியதாக ஒரு பூச்சு பூசுங்கள். அசிட்டோனில் கரைத்தது, அங்கேயே இருக்கும், கேளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் எழுதுங்கள். கருப்புப் பரப்பில் வெள்ளை மை. மை காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. பிற்காலத்தில் எண்ணை எடுக்க வேண்டுமானால் அசிட்டோன் தொட்டால் வந்துவிடும், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது.

எழுதும் இடம் உள்பக்கமாக இருக்கட்டும். கீறல், குறியீடு இருக்கும் பக்கம் வேண்டாம். உடைந்த விளிம்பிலும் எழுதாதீர்கள், நாளை இன்னொரு துண்டு அங்கேதான் ஒட்ட வேண்டியிருக்கும். பாழான ஆறையும் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

வைகைக்கரை (ஞாயிறு, மாலை 6.25)

இல்லை சார், தனித் தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அசிட்டோன் என்றால் நகப்பாலிஷ் அழிக்கிறதுதானே, கடையிலேயே வாங்கலாமே என்று கேட்கிறார்.

பச்சைத்தூள் (ஞாயிறு, மாலை 6.40)

சரியாகத்தான் கேட்கிறார். ஆனால் கடையில் விற்பதில் வாசனை, எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும், ஓட்டில் கறை தங்கிவிடும். அங்கே இருக்கும் சுத்தமான அசிட்டோனையே வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.